கிராணி போர்த்திய பொன்னாடை

செரம்பான் வட்டாரத்தில் ஏதாவது ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ கோயில் விருந்துக்கோ நீங்கள் போயிருந்தால் என் குரலைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். முகம் நினைவிருக்காது. "அன்பும் பண்பும் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்குவது நான். வெள்ளை வேன் ஒன்று வாசலை மறித்து நிற்கிறது, உரிமையாளர் உடனே வந்து எடுக்கவும் என்று கார் நம்பரைப் படிப்பதும் நான்தான். சாப்பாடு தயார் என்று ஒரே வார்த்தையில் மண்டபம் முழுவதையும் நாற்காலியிலிருந்து கிளப்புவதும் நான்தான். இருபது வருடத்துக்கு மேலாக இது நடக்கிறது. பிழைப்புக்கு நகரில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறேன். குடியிருப்பு தெமியாங்கில். பகலில் சேலை விற்கிற வாய்தான் சாயங்காலம் வரவேற்புரை சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே தேனைத்தான் தடவிக்கொள்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அந்தத் தேன் வீட்டுக்கு வருவதில்லை என்ற குறை அவளுக்கு நெடுநாளாக உண்டு.

இப்படிப்பட்ட என்னைப் பிடித்து வில்லனாகப் போடலாம் என்று ஒரு டீச்சருக்குத் தோன்றியது.

அவர் கோலா கிளாவாங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கிறவர். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். நாடகம் என்றால் பைத்தியம். மந்தினுக்கு அந்தப்புறம் நான் பிறந்த தோட்டத்துக் கோயிலில் ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு ஒரு நாடகம் போடுவார். தோட்டம் என்று சொல்வது பழக்கதோஷம். ரப்பர் மரங்கள் போய்விட்டன. தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்த இடத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கோயிலும் அதை ஒட்டிய தகரக்கூரை மண்டபமும் மட்டும் அசையாமல் இருக்கின்றன. திருவிழா என்றால் பிரிந்து போன சனம் எல்லாம் காரில் வந்து இறங்கும். நாட்டியம், சினிமாப் பாட்டு, கடைசியில் வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு நாடகம், அப்புறம் சாப்பாடு. இதுதான் வழக்கம்.

அந்த வருடம் டீச்சர் ஒரு துன்பியல் நாடகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மேலை நாட்டுக் கதை, பல நூறு வருடப் பழசு. ஒரு ராஜா. அவனுக்கு ஓர் உயிர்த்தம்பி. கூடவே இருக்கிற மந்திரி, ராஜாவின் மனதில் தம்பியைப் பற்றிச் சந்தேகத்தை ஊற்றிக்கொண்டே இருக்க, கடைசியில் ராஜா தன் வாயாலேயே தம்பியைக் கொல்லச் சொல்கிறான். உண்மை தெரியும்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். டீச்சர் இதை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ராஜா பெரிய கங்காணி ஆனார், ஆட்களுக்கெல்லாம் தலைவர். மந்திரி கிராணி ஆனான். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து, துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து கொடுத்த குமாஸ்தாதான் கிராணி. எங்கள் சனத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கோயில் தலைவருக்கு இது பிடிக்கவே இல்லை.

"திருவிழாவுல சாவு எதுக்கு டீச்சர்? சனங்க சந்தோசமா சாப்டுட்டுப் போவட்டும் லா" என்றார்.

"ஒரே ஒரு தடவ பாருங்க தலைவரே. நம்ம சனத்துக்கு அழவும் தெரியும்" என்றார் டீச்சர்.

தலைவர் தாடையைத் தடவிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். சனம் சிரித்துவிட்டால், அதாவது அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டால், அடுத்த வருடத்திலிருந்து நாடகமே கிடையாது, பாட்டுக் கச்சேரிதான். டீச்சர் சரி என்று சொல்லிவிட்டு நேராக வந்து கிராணி வேடத்தை என்னிடம் கொடுத்தார்.

கிராணியைச் சனம் நம்ப வேண்டும். நம்பினால் துன்பியல் நாடகம். நம்பாவிட்டால் அது நகைச்சுவை, அத்தோடு டீச்சரின் நாடகக் கணக்கும் முடிந்தது. அவ்வளவு பெரிய பாரத்தை, கார் நம்பர் படிக்கிற என் தலையில் அவர் ஏன் வைத்தார் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஏனென்றால் எங்களிடம் வில்லன் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். லாரி ஓட்டுகிறவர். மீசை என்றால் மீசை. அவர் சிரித்தால் மண்டபத்துக் கூரைத் தகரம் அதிரும். வருடா வருடம் கையை ஓங்கிக்கொண்டு வந்து கதாநாயகியை மிரட்டியவர் அவர்தான். டீச்சர் அவருக்குக் கங்காணி வேடத்தைக் கொடுத்துவிட்டார்.

லாரிக்காரர் நல்ல மனிதர். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுவார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒங்களப் பாத்தா யாருக்குண்ணே பயம் வரும்? கோழிகூட வராதுண்ணே" என்றார். கோழிக்குக்கூட பயம் வராது என்பதைத்தான் அவசரத்தில் அப்படிச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் ஆசை பொங்கியது, அதை மறைப்பானேன்? இத்தனை வருடமாக மேடையில் நிற்கிறேன், ஒருவராவது என் முகத்தைப் பார்த்து மூச்சை இழுத்துப் பிடித்ததுண்டா? நான் வாய் திறந்தால் சாப்பாடு வரப்போகிறது என்று எழுந்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு சாயங்காலம் இந்தச் சனம் என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும். அந்த வெறி எனக்கு வந்துவிட்டது.

வீட்டில் வில்லன் சிரிப்பைப் பழகினேன். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து. மனைவி சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து, தொண்டையில் என்ன அடைத்துக்கொண்டது என்று கேட்டாள். ஒத்திகையில் அதே சிரிப்பை டீச்சரிடம் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"முடிஞ்சிருச்சாண்ணே? இனிமே அது வேணாம். இந்தக் கிராணி சிரிக்க மாட்டான், மொறைக்க மாட்டான். எல்லாருக்கும் ஒத்தாச பண்ணிக்கிட்டே இருப்பான். ஒங்க கடைக்கு வர்ற அக்காகிட்ட எப்படிப் பேசுவீங்க? அப்படியே பேசுங்க" என்றார்.

வேடத்தைக் கொடுத்துவிட்டுச் சேலை விற்கச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் சொன்னபடி செய்தேன்.

நாடகத்தின் உயிர் தேத்தண்ணிக் காட்சியில் இருந்தது. கங்காணி வீட்டு முன்னால் உட்கார்ந்திருப்பார். கிராணி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பான். கங்காணியின் தோளில் நழுவிய துண்டைச் சரிசெய்வான். சரிசெய்கிற சாக்கில் காதருகே குனிந்து, "தம்பியப் பத்தி வெளிய ரெண்டு பேரு என்னென்னவோ பேசுறாங்கண்ணே. நான் நம்பல" என்பான். கங்காணி நிமிர்ந்து, "யாரு? யாரு பேசுறா?" என்று கேட்பார். "அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப? மொதல்ல தேத்தண்ணியக் குடிங்க" என்பான் கிராணி. அவ்வளவுதான். அந்த நேரத்திலிருந்து கங்காணிக்குத் தூக்கம் போய்விடும். தம்பி செத்துப்போகும் வரைக்கும் கிராணி ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவே மாட்டான்.

திருவிழா அன்று சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. எனக்குப் பதிலாக அறிவிப்பு செய்ய, கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் பேசினாள். நான் வேட்டி, கோட்டு, தலைப்பாகை, தோளில் துண்டு, காதில் ஒரு பென்சில், நடிகர்களுக்கெல்லாம் சட்டையில் குத்திவிட்ட சின்ன மைக் என்று கிராணியாக மேடையின் ஓரத்தில் நின்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் காட்சியில் உள்ளே போய், "வணக்கம் கங்காணியாரே" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அண்ணே, கார் நம்பர் சொல்லுங்கண்ணே!" என்று கத்தினான்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நான் அடுத்த வசனத்தைச் சொன்னேன். இன்னொரு பக்கத்திலிருந்து, "சாப்பாடு ரெடியாண்ணே?" என்றார்கள். அதற்கும் சிரிப்பு. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாவது காட்சியும் அப்படியே போனது. தம்பி வேடக்காரர் உருகி உருகிப் பேசினார், நான் பக்கத்தில் வந்து நின்றதுமே சனம் சிரிக்கத் தயாராகிவிட்டது. தலைவர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, அப்போதே சொன்னேனே என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

திரைக்குப் பின்னால் வந்தேன். வேர்த்துக் கொட்டியது. டீச்சர் என் தலைப்பாகையைச் சரிசெய்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலாம். லாரிக்காரர்தான் பக்கத்தில் வந்து, "கவலப்படாதீங்கண்ணே. தேத்தண்ணி சீன்ல நான் ரெண்டு அதட்டல் போட்டுச் சமாளிச்சிக்கிறேன்" என்றார். அந்த இரக்கம் எனக்குச் சிரிப்பைவிட மோசமாக வலித்தது. வேண்டாம், ஒரு வார்த்தைகூட மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

தேத்தண்ணிக் காட்சி தொடங்கியது. சிரித்துச் சிரித்துச் சனம் கொஞ்சம் களைத்துப் போயிருந்தது. அங்கங்கே கசமுசா பேச்சு. நான் தேத்தண்ணி ஊற்றினேன். துண்டைச் சரிசெய்தேன். "வெளிய ரெண்டு பேரு என்னென்னவோ பேசுறாங்கண்ணே. நான் நம்பல" என்றேன். "யாரு? யாரு பேசுறா?" என்று லாரிக்காரர் அருமையாகக் கேட்டார். "அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப?" என்றேன். சிரிப்பு இல்லை. கொஞ்சம் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்தால் பிடித்துவிடுவேன்.

அப்போதுதான் வாசலில் மேளம் முழங்கியது.

டத்தோ வந்துவிட்டார். மண்டபத்துக்குக் காற்றாடி எல்லாம் வாங்கிக் கொடுத்த தொழிலதிபர், பட்டம் வாங்கியவர், அன்றைய சிறப்பு விருந்தினர். ஆரம்பத்திலேயே வர வேண்டியவர் வரவில்லை என்றதும் இனி வர மாட்டார் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். எங்கள் ஊரில் பெரிய மனிதர் எந்த நேரத்தில் வந்தாலும் நடப்பது நிற்கும். பாட்டு நிற்கும், ஆட்டம் நிற்கும், தாலி கட்டுவது ஒன்றுதான் நிற்காது. அவரை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்தி இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டுத்தான் விட்ட இடத்தைத் தொடர்வார்கள். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. யாரோ மண்டபத்து விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். எங்கள் மேடை விளக்கு அதில் செத்துப்போனது. அறிவிப்புக்கு இருந்த பெண், பன்னீர்ச் செம்போடு வாசலுக்கு ஓடிவிட்டிருந்தாள்.

தலைவர் மேடையடிக்கு ஓடி வந்தார். கையில் மடித்த பொன்னாடை. அவர் யாரைப் பார்த்தார் தெரியுமா? என்னைப் பார்த்தார். பதற்றத்தில் அவருக்கு நான் கிராணி என்பதே மறந்துபோய்விட்டது. எத்தனை வருடப் பழக்கம்! பொன்னாடையை என் பக்கம் நீட்டி, "டத்தோ வந்துட்டாரு லா! மைக்கப் புடிங்க, சீக்கிரம் சீக்கிரம்!" என்றார்.

மேடையோரம் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். லாரிக்காரர் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். என் கால் தானாக மைக் பக்கம் நகர்ந்தது. அதுவும் பழக்கம்தான். நகரும்போதே எனக்கு வந்ததே ஒரு கோபம்! தலைவர் மேல், டத்தோ மேல், கார் நம்பர் கேட்டவன் மேல், எல்லாரையும்விட என் கால் மேல். இந்த மேடையை விட்டு நான் இறங்கினால் இனிமேல் சாகும்வரை கார் நம்பர்தான். இறங்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். கிராணி நிற்கிற இடத்துக்கு விருந்தாளி வந்தால் கிராணி என்ன செய்வான்? வரவேற்பான். அதில்தானே அவன் கெட்டிக்காரன்.

தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டேன், கிராணி துடைப்பதுபோல. பொன்னாடையை வாங்கினேன். "எந்திரிங்க கங்காணியாரே. நம்ம தோட்டத்துக்குப் பெரியவர் வந்திருக்காரு" என்றேன். லாரிக்காரருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கங்காணியாகவே எழுந்து கங்காணியாகவே கும்பிட்டார். அந்த மனிதருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மைக்கில், "அன்பும் பண்பும் நிறைந்த பெருமகனாரே, வருக, வருக" என்றேன். நான் எப்போதும் சொல்வதுதான், அதே குரல்தான். சனம் சிரித்தது. டத்தோவும் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார். அவருக்கு நாடகம் நடப்பது சரியாகத் தெரியாது, என் கோட்டையும் தலைப்பாகையையும் பார்த்து ஏதோ வரவேற்பு அலங்காரம் என்று நினைத்திருக்க வேண்டும். பொன்னாடையை விரித்து அவர் தோளில் போர்த்தினேன். ஒரு முனை நழுவியது. அதைச் சரிசெய்தேன். சரிசெய்கிற சாக்கில் அவர் காதருகே குனிந்தேன். சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக் மண்டபம் முழுவதற்கும் கேட்கும் என்பது எனக்குத் தெரியும்.

"ஐயாவப் பத்தி வெளிய ரெண்டு பேரு என்னென்னவோ பேசுறாங்க. நான் நம்பல" என்றேன்.

டத்தோவின் சிரிப்பு அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு? யாரு பேசுறா?" என்று கேட்டார்.

ஆண்டவன் சத்தியமாக அவருக்கு யாரும் வசனம் சொல்லிக் கொடுக்கவில்லை. கங்காணி சற்றுமுன் கேட்ட அதே கேள்வி, அதே வேகம். சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் பாதிச் சிரிப்பில் அடங்கியது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இது வேடம் கட்டியவர் இல்லை, நிஜமான மனிதர், காசு பணம் படைத்தவர், ஊரை ஆட்டிவைக்கிறவர். ஒரே ஒரு வார்த்தையில் அவர் முகம் மாறிப்போனதை இத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள்.

எனக்குள் என்னவோ கிடுகிடுவென்று ஏறியது. பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாத ஒன்று.

"அதெல்லாம் எதுக்குங்க ஐயா இப்ப? மொதல்ல உக்காந்து தேத்தண்ணியக் குடிங்க" என்றேன். கங்காணிக்கு ஊற்றிய அதே கூஜாவிலிருந்து ஒரு கோப்பை ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். படியிறங்கி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் திரும்பிப் பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் பார்த்தார். கோப்பையை வாயில் வைக்கவே இல்லை. மண்டபம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

யாரோ மண்டபத்து விளக்கை அணைத்தார்கள். நான் கங்காணியிடம் திரும்பினேன். அதே பணிவோடு, "நாம எதுல விட்டோம்ணே?" என்றேன். முன்வரிசையில் ஒரு பெண், "ஐயோ பாவி" என்று வாய்விட்டுச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் காதில் தேன் பாய்ந்தது.

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நான் எவ்வளவுக்கு எவ்வளவு மரியாதையாகப் பேசினேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். அப்போதுதான் டீச்சர் என்னை ஏன் பிடித்துப் போட்டார் என்று எனக்கு விளங்கியது. எங்களைக் கெடுத்தவர்கள் யாரும் மீசையை முறுக்கிக்கொண்டு வந்ததில்லை. சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டு, நம் நன்மைக்காகவே ஒன்றைச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். அப்படி ஒருவரையாவது தெரியாத குடும்பம் எங்கள் சனத்தில் கிடையாது. என் இனிப்பான குரல் அவர்களுக்கு யாரையோ நினைவுபடுத்தியது. யாரை என்று நான் கேட்கப்போவதில்லை.

தம்பி செத்தான். அவன் மேல் தப்பில்லை என்பது கங்காணிக்குத் தெரிந்தது. லாரிக்காரர் தம்பியின் உடலை மடியில் போட்டுக்கொண்டு கதறினார். அந்தக் கதறலுக்குக் கூரைத் தகரம் அதிரவில்லை, ஆனால் தலைவர் மூக்கைச் சிந்தினார். கடைசியில் கிராணி வருவான். டீச்சர் எழுதியிருந்த முடிவு அது. பழி தன் மேல் வராமல் போய்விட்ட தைரியத்தில், சாவு வீட்டிலும் அவன்தான் முன்னால் நின்று காரியம் பார்ப்பான். பாடைக்கு மூங்கில் எங்கே, பறைக்கு ஆள் சொல்லியாச்சா, அம்மாவுக்கு யாராவது ஒரு வாய்த் தண்ணி கொடுங்கள் என்று ஓடி ஓடி ஒத்தாசை செய்வான். செய்தேன். குறையில்லாமல் செய்தேன். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னார்கள். கோயில் மண்டபம் என்பதால் அதை இங்கே எழுத முடியாது.

திரை விழுந்து மறுபடி எழுந்தது. வரிசையாக நின்றோம். தம்பிக்குக் கைத்தட்டல். கங்காணிக்கு எழுந்து நின்று கைத்தட்டல். நான் ஓரடி முன்னால் வந்து கைகூப்பி, "வணக்கம்" என்றேன். மேடையில் நின்று எத்தனை ஆயிரம் வணக்கம் சொல்லியிருப்பேன்! ஒருமுறைகூடப் பதில் வராமல் போனதில்லை. அன்று ஒரு வாயும் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நானும் கூப்பிய கையை எடுக்காமல் நின்றேன். அப்புறம் எங்கோ ஒரு மூலையில் தொடங்கி, மடமடவென்று மண்டபமே எழுந்தது. கத்தினார்கள், விசில் அடித்தார்கள், நாற்காலியைத் தட்டினார்கள். கார் நம்பர் கேட்டவனும் தட்டியிருப்பான், தட்டட்டும். மேடையோரத்தில் டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

நடிகர்களுக்கு நினைவுப் பரிசு கொடுக்க டத்தோவைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிரமாதம்யா, பிரமாதம்" என்றார். படம் பிடித்தார்கள். கையை விடவில்லை. லேசாகத் தன் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது... யாருய்யா அந்த ரெண்டு பேரு?"

"நாடகம் டத்தோ" என்றேன்.

"ஆமா, ஆமா. நாடகந்தான்" என்று சிரித்தார். இரண்டடி போய்விட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தலைவர் போன் செய்தார். அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம், மந்தினில் ஒரு பெரிய மண்டபத்தில். அறிவிப்புக்கு என்னைத்தான் சொல்லியிருந்தார். முதலில் நாடகத்தைப் பற்றிப் பேசினார். டீச்சர் அடுத்த வருடமும் போடட்டும், எத்தனை சாவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்றார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்காதீங்க லா. கல்யாணத்துக்கு வேற ஆளு பாத்துக்கிறேன். மாப்ள வீட்டுக்காரங்களும் நேத்து வந்திருந்தாங்க. நீங்க மைக்கப் புடிச்சு 'வருக வருக'ன்னா சரிப்படாதுங்குறாங்க. எம் பொண்ணு அதுக்கு மேல. அந்தக் கொரலு வேணாம்ப்பாங்குறா."

"ஏன் தலைவரே, என் குரலுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது... கேட்டா ஒரு மாதிரி பயமா இருக்கு லா. எனக்குந்தான்."

மனைவி அடுக்களையில் இருந்தாள். நான் அங்கே போய் போனை அவள் முன்னால் வைத்து, அவளுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினேன்.

"சரியாக் கேக்கல தலைவரே, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்.